ஆசனமும் ஆற்றலும்

தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சட்டசபையில் ஆசனம் கிடைத்துவிட்டால் அவர்தம் குறை யாவும் தீரும் என்று எண்ணுவோர் பலர். ஆசனம் வேறு, ஆற்றல் வேறு. தனித்து நிற்கும் உறுப்பினர் எத்துணை அறிவுடையவராயினும் கட்சிக் கட்டளைக்கே கை உயர்த்த வேண்டியவராகிறார். பலர் கூடி ஒரு குறையைத் தம் பொதுக் குறையாகக் கொண்டாலன்றி, அது தீரும் வழி பிறவாது.

இதற்குச் சான்று பழைய சென்னை மாகாணத்திலேயே உண்டு. எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், வீரையன் ஆகியோர் நியமன உறுப்பினராகச் சட்டசபையில் அமர்ந்து இடைவிடாது வற்புறுத்திய காலத்திலேதான், 1924-இல், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானம் நிறைவேறிற்று. 1932-இல் ராஜா கூட்டுத் தொகுதியையும், சீனிவாசன் டாக்டர் அம்பேத்கருடன் நின்று தனித் தொகுதியையும் வேண்டினர். ஆயினும் புனா ஒப்பந்தத்தில் இருவருமே கையொப்பமிட்டனர். சென்னைக்கு 30 ஆசனங்கள் கிடைத்தன. பின்னர், 1938-இல், ராஜா கொணர்ந்த மசோதாவே தாழ்த்தப்பட்டோரின் சமூகத் தடைகளை நீக்கும் சட்டமாயிற்று. கருத்து வேற்றுமை கூட்டுறவுக்குப் பகையன்று என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவிலும் காங்கிரஸ் சபையின் கறுப்பின உறுப்பினர் 13 பேர் 1971-இல் ஒரு குழுவாயினர். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கெதிரான தடைச் சட்டம் 1986-இல் ஜனாதிபதி ரீகனின் மறுப்பையும் மீறி நிறைவேறியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

இனி நம் எல்லைப்புறத்தை நோக்குவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை தனித்தொகுதி. ஓசூரைக் கடந்தால் கருநாடகத்து ஆனேக்கல்லும் தனித்தொகுதியே. ஊத்தங்கரைப் பக்கத்து உழவுக் கூலி மகன் அத்திப்பள்ளித் தொழிற்சாலைக்குச் சென்று அங்கேயே குடியேறுகிறான் என்று கொள்வோம். ஆதி திராவிடர் என்னும் பெயர் இரு மாநிலப் பட்டியலிலும் உண்டு. ஆயினும் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி என்பது சட்டம். குடியேறியவர் புது மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாதென 1990-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சில காத தூரத்திலே பட்டியல் மாறுகிறது, தீண்டாமையோ மாறுவதில்லை!

இக்குறையைத் தனி ஒரு மாநில உறுப்பினர் தீர்த்தல் அரிது. ஊத்தங்கரையாரும் ஆனேக்கல்லாரும், கட்சியையும் மொழியையும் ஒருபுறம் வைத்து, ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். குடிபெயர்ந்த தொழிலாளர் மக்களுக்கு மாணவர் விடுதியும் உபகாரச் சம்பளமும் அளிக்குமாறு இரு அரசுகளையும், சட்டத்தைத் திருத்துமாறு பாராளுமன்றத்தையும் அவர்கள் ஒருமித்துக் கேட்கலாம்.

இவ்வாறு கூடுவது பிளவை வளர்க்கும் என்பாரும் உளர். ஆலை முதலாளிகள் சங்கமாய்க் கூடித் தமக்கு வேண்டிய சாலையும் மின்சாரமும் கேட்கும்போது அதனைப் பிளவென்று எவரும் சொல்வதில்லை. ஏழையின் மகனுக்குப் பள்ளிக்கூடம் கேட்பது மட்டும் எங்ஙனம் பிளவாகும்?

வாக்குரிமை பெற்ற மாணவ நண்பர்களே, வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், "ஐயா, தாங்கள் எவரோடு கூடி உழைப்பீர்?" என்று வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை கூற வல்லாரே ஆசனத்துக்கு உரியவர்.