உப்பைத் துப்பும் மரம்... நெல்லுக்குப் பாடம் சொல்லுமா?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் போகிறவர்கள் முட்டுக்காடு பாலத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள். இடது பக்கம் கடல், வலது பக்கம் உப்பங்கழி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர்தான். ஆனால், அதில் ஒரு குடம்கூட நெல்லுக்கு ஆகாது. அங்கிருந்து கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், செய்யூர் என்று தெற்கே போகப் போக, கடலோர விவசாயிகளின் கவலை இதுதான். கிணற்றில் தண்ணீர் இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும்.

இதே உப்புத் தண்ணீரில் கால் ஊன்றி, பச்சைப் பசேலென்று நிற்கிற ஒரு மரம் இருக்கிறது. பெயர், வெண்கண்டல். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பெரும்பகுதி இந்த மரம்தான். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அவை இதன் மூச்சு வேர்கள்.

இந்த மரத்தின் மரபணுத் தொகுப்பை ஏறக்குறைய முழுவதுமாக வாசித்து, 2021-ல் உலகத்துக்குச் சொன்ன விஞ்ஞானிகளில் ஒரு குழு நம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜி.எஸ்.டி. சாலையில், காட்டாங்குளத்தூரில் இருக்கும் எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம்தான் அது.

அந்த மரத்தின் ரகசியம் தெரிந்துவிட்டது என்றால், உப்புத் தண்ணீரில் விளையும் நெல் எப்போது வரும்? விஷயம் அங்கேதான் சுவாரஸ்யமாகிறது.

மாவடு ஜாடியில் நடப்பது

உப்பு பட்டால் பயிர் ஏன் வாடுகிறது? வீட்டில் மாவடு போடுகிறவர்களுக்கு இது தெரியும். வடுவில் உப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தால், இரண்டொரு நாளில் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். உப்பு, மாங்காய்க்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிடுகிறது. உப்பேறிய வயலில் நெல்லின் வேருக்கும் இதே கதிதான். சுற்றிலும் தண்ணீர் நிற்கும். அதை உறிஞ்ச முடியாது.

இது முதல் அடி. இரண்டாவது அடி, உப்பில் இருக்கும் சோடியம். செடியின் செல்லுக்குள் பல வேலைகளைச் செய்ய பொட்டாசியம் வேண்டும். சோடியம் உள்ளே புகுந்தால், பொட்டாசியம் உட்கார வேண்டிய சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். உட்கார்ந்த பிறகு எந்த வேலையும் செய்யாது. நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் ரொம்ப ஆபத்து. பூக்கும் நேரத்தில் உப்பு தாக்கினால் கதிர் வரும், மணி பிடிக்காது. பதராகப் போகும்.

தலைகீழாகத் திருப்பிய தட்டு

உப்பை எதிர்க்கும் மரபணு எது என்று முதலில் தேடிய இடம் நெல் அல்ல, அலையாத்தி மரமும் அல்ல. அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாப்பிடவும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனால், உலகம் முழுவதும் தாவர ஆய்வுக்கூடங்களில் இதற்குத்தான் ராஜ மரியாதை.

காரணம் இருக்கிறது. விதை முளைத்து, பூத்து, மறுபடி விதை தர ஆறு வாரம் போதும். ஒரு சின்ன அறையில் ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம். மரபணுத் தொகுப்பும் சிறியது. உலகத்திலேயே முதன்முதலாக மரபணுத் தொகுப்பு முழுக்க வாசிக்கப்பட்ட தாவரம் இதுதான். ஆண்டு 2000. சுமார் 25,500 மரபணுக்கள் இருப்பதாக அப்போது கணக்கிட்டார்கள். நிலாவிலிருந்து அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த மண்ணில் 2022-ல் முதல் விதை போட்டு முளைக்க வைத்தபோதும், போட்டது அராபிடாப்சிஸ் விதைதான். இப்படி மற்ற செடிகளுக்காகச் சோதனைக்கு உட்படும் செடியை, ‘மாதிரித் தாவரம்’ என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் செடிக்கு உப்பு அவ்வளவாக ஆகாது. அதையே ஆயுதமாக்கினார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஜியான்-காங் ஜு என்ற விஞ்ஞானியின் குழு, அராபிடாப்சிஸ் விதைகளின் மரபணுக்களில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கியது. முளைத்த நாற்றுகளை உப்புக் கலந்த தட்டுக்கு மாற்றி, தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது. வேர் எப்போதும் கீழ்நோக்கித்தானே போகும்? சாதாரண நாற்றின் வேர், வளைந்து கீழே திரும்பி வளர்ந்தது. சில நாற்றுகளின் வேர் மட்டும் வளையவே இல்லை. உப்பில் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நாற்றுகளில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று தேடினார்கள். சிக்கியது ஒரு பம்பு! செல்லுக்குள் வந்துவிட்ட சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு. அதை முடுக்கிவிடும் துணை மரபணுக்களும் கூடவே கிடைத்தன. இவற்றுக்கு எஸ்.ஓ.எஸ். மரபணுக்கள் என்று பெயர் வைத்தார்கள். இவற்றுக்கு ஒப்பான மரபணுக்கள் நெல்லிலும் உண்டு. அதாவது, நெல்லிடமும் பம்பு இருக்கிறது. கடலோர உப்புக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அது ஓடுவதில்லை.

வெண்கண்டலின் மூன்று வேலி

அப்படியென்றால், நன்றாக ஓடுகிற பம்பு யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விதான் விஞ்ஞானிகளைச் சேற்றுக்குள் இறக்கியது.

வெண்கண்டலுக்குப் பாதுகாப்பு மூன்று அடுக்கு. வேரிலேயே பெரும்பாலான உப்பை வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். தப்பி உள்ளே வந்ததில் ஒரு பகுதியை, செல்லுக்குள் தனி அறை ஒதுக்கிப் பூட்டிவைக்கும். இன்னொரு பகுதியை இலைகளில் இருக்கும் உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியே துப்பிவிடும். உள்ளே வரும் உப்பில் 40 சதவிகிதம்வரை இப்படி வெளியேறுகிறது. வெயில் நேரத்தில் இலையின் மேல் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும் உப்பைக் கையால் தொட்டே பார்க்கலாம். கடல் நீரில் முக்கால் பங்கு உப்பு இருந்தால் இந்த மரத்துக்கு உற்சாகம். கடலைப்போல இரண்டரை மடங்கு உப்பு இருந்தாலும் தாங்கும்.

சென்னை தரமணியில் 1988-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில், 1990-களிலேயே இந்த மரத்தை ஆராயத் தொடங்கிவிட்டார்கள். கடல் மட்டம் உயர்ந்தால் கடலோர வயல்கள் என்னவாகும் என்ற யோசனைதான் காரணம். இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அஜய் பரிடா. ஒடிசாக்காரர். 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

2008-ல் அவருடைய குழு ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. வெண்கண்டலில் இருந்து ஒரு மரபணுவை எடுத்து, பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்திருந்தார்கள். உப்பின் பாதிப்பால் செல்லுக்குள் உண்டாகும் நச்சுப் பொருள்களை முறிக்கும் மரபணு அது. லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு கரைத்த நீரில் அந்த நெல் நாற்றுகள் எட்டு நாள் தாக்குப்பிடித்தன. சாதாரண நாற்றுகள் துவண்டுவிட்டன.

எட்டு நாள்! ஆய்வுக்கூடத்தில் அது வெற்றி. வயலில் நெல் நிற்க வேண்டியது நூறு நாளுக்கும் மேல்.

3,246 பேர் கொண்ட கூட்டுக்குடும்பம்

ஏன் ஒரு மரபணு போதவில்லை? இதற்குத் தெளிவான பதிலைத் தந்தது 2021-ம் ஆண்டு ஆய்வு. காட்டாங்குளத்தூரில் மாடசாமி பரணியின் குழுவும், புவனேஸ்வரத்தில் அப்போது உயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் இயக்குநராக இருந்த அஜய் பரிடாவும் சேர்ந்து செய்தது. வெண்கண்டலின் மரபணுத் தொகுப்பில் 98.7 சதவிகிதத்தை வாசித்தார்கள். 45 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள், 31 குரோமோசோம்களாக அடுக்கப்பட்டன. அதில் 31,477 மரபணுக்கள். அவற்றுள் உப்பு பட்டதும் வேலையைக் கூட்டியோ குறைத்தோ மாற்றிக்கொள்பவை 3,246. வேறு செடிகளில் உப்பைத் தாங்க உதவுகின்றன என்று ஏற்கெனவே சோதனையில் நிரூபிக்கப்பட்ட மரபணுக்களுக்கு ஒப்பானவை 614.

அதாவது, உப்பைத் தாங்குவது ஒரு மரபணுவின் சாமர்த்தியம் அல்ல. கல்யாண வீட்டு வேலைபோல. ஒருவர் பந்தி பார்க்க, ஒருவர் வாசலில் நிற்க, இன்னொருவர் சமையல்கட்டில் இருக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் நடக்கும். அந்த வீட்டிலிருந்து ஒருவரை மட்டும் நெல்லுக்குக் கூட்டிவந்தால், அவர் எட்டு நாள் உழைத்துக் களைத்துப்போவார். இப்போது கிடைத்திருப்பது அந்த வீட்டின் முழுப் பட்டியல். யாருடன் யார் சேர்ந்தால் வேலை நடக்கும் என்பதை இனிமேல்தான் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் வெளியான அடுத்த ஆண்டே, 2022 ஜூலையில், அஜய் பரிடா காலமானார். 2023-ல் சுவாமிநாதனும் மறைந்தார். அவர்கள் தொடங்கிய வேலை பாதி வழியில்தான் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. வேறு தாவரத்தின் மரபணுவைச் சேர்த்த நெல்லை இந்தியாவில் பயிரிட இதுவரை அனுமதி இல்லை. பி.டி. கத்தரிக்காய் 2010-லிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புச் சோதனை போதுமா, விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அவை நியாயமான கேள்விகளும்கூட.

நெல்லின் சொந்தக்காரர்கள்

அதனால், சில விஞ்ஞானிகள் சுருக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். மரத்திடம் போவானேன், நெல்லின் சொந்தத்திலேயே உப்பைத் தாங்குபவர்கள் இருக்கிறார்களே!

கேரளத்தில் கடலோரக் காயல் நிலங்களில் விளைவது பொக்காளி. அதன் முதல் குரோமோசோமில் இருக்கும் ‘சால்டால்’ என்ற பகுதி, நாற்றுப் பருவத்தில் உப்பைத் தாங்க உதவுகிறது. வங்காளத்தின் நோனா போக்ரா என்ற பழைய நெல்லில், சோடியம் இலைக்கு ஏறாமல் தடுக்கும் மரபணுவை 2005-ல் கண்டுபிடித்தார்கள். பொக்காளியின் அந்தப் பகுதியை, வழக்கமான ஒட்டுச்சேர்க்கை மூலமாகவே நல்ல விளைச்சல் தரும் ரகங்களுக்கு மாற்றுகிறார்கள். எந்த நாற்றில் அந்தப் பகுதி வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் மரபணுச் சோதனை. வெளி மரபணு எதுவும் இல்லை.

2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இன்னொரு நெல்லை அறிவித்தது. பெயர், பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. ஆந்திராவில் பிரபலமான எம்.டி.யு. 1010 ரகத்தில், வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்கு முட்டுக்கட்டையாக இருந்த ஒரு மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். இதிலும் வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. ஆனால், சோதனை விவரங்கள் போதாது என்று இதற்கும் எதிர்ப்பு இருக்கிறது.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

செங்கல்பட்டு கடலோர விவசாயிக்கு மரபணுப் பட்டியல் இன்றைக்குச் சோறு போடாது. ஆனால், செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலில், நிலம் உவரா, களரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலும், மருந்து வேறு வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் குறையும். களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஜிப்சம் போட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் கிணற்று நீரையும் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மின் கடத்தும் திறன் என்ற அளவு மண்ணில் 4-ஐத் தாண்டினால் உவர் நிலம். உப்பை ஓரளவு தாங்கும் கோ 43, களருக்கென்றே திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். ரகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

இரண்டாவது, எல்லோருக்குமானது. கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கும்வரை, அது கடல் நீரை உள்ளே விடாமல் தள்ளி நிறுத்தும். ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி, டேங்கர் லாரிகளில் ஏற்றிக்கொண்டே இருந்தால், காலியான இடத்துக்குக் கடல் வந்துவிடும். திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான மணற்பரப்புக்கு இருக்கும் ஆபத்து இதுதான். இப்படி ஏறுகிற உப்புக்கு எந்த மரபணுவும் மருந்தாகாது. எவ்வளவு தாங்கும் நெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. பம்புசெட்டுக்கு அந்த எல்லை தெரியாது.

மூன்றாவது, அந்த மரம். வெண்கண்டலின் 31,477 மரபணுக்களும் இன்று கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், ஒரு கழிமுகத்து மரம் தாங்கும் சூட்டை இன்னொரு கழிமுகத்து மரம் தாங்காமல் போகலாம். அந்த வித்தியாசங்கள் சேற்றில் நிற்கும் மரங்களில்தான் இருக்கின்றன. ஒரு கழிமுகத்தை மண் கொட்டித் தூர்க்கும்போது, இன்னும் யாரும் வாசிக்காத பக்கங்களையும் சேர்த்தே மூடிவிடுகிறோம்.