எட்டாவது நகல்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வந்திருந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் லினக்ஸ் வேலை. சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"மாமா, இதைப் பாருங்க. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்து நாற்பது வரி குறைச்சு அனுப்பினேன். வேண்டாம்னுட்டாங்க."

அவன் அனுப்பியது ஒரு ஃபைல் சிஸ்டம் டிரைவருக்கான திருத்தம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. டிஸ்க் என்பது எண் போட்ட கட்டங்களின் அடுக்கு, அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று பதிவேடு வைத்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். நீங்கள் பென் டிரைவைச் செருகி, பேரனின் படங்கள் திரையில் தெரிவதற்குள் அந்த டிரைவர் ஏழெட்டு வேலைகளை முடித்திருக்கும். முதலில் கொஞ்சம் மெமரி கேட்டு வாங்கும். டிஸ்கின் தலைப்புப் பக்கத்தைப் படிக்கும். அதில் தன்னுடைய முத்திரை எண் இருக்கிறதா என்று பார்க்கும். 1993-ல் லினக்ஸுக்காக வந்த எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டத்துக்கு அந்த எண் 61267. எண் சரியாக இருந்தால் அடுத்த பதிவேடுகளுக்கு இன்னும் மெமரி வாங்கும், அவற்றையும் படிக்கும், கடைசியில் மூல டைரக்டரியைத் திறக்கும். இதற்கு மவுன்ட் செய்வது என்று பெயர்.

இதில் எந்தப் படியிலும் தடங்கல் வரலாம். வந்தால், அதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நாம் ஊருக்குக் கிளம்பும்போது பால்காரரிடம் சொல்லி, பேப்பரை நிறுத்தி, கேஸை மூடி, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். ஸ்டேஷனில் ரயில் ரத்து என்றால் சாவி வாங்குவதில் தொடங்கி பால் வரை எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் சரிசெய்ய வேண்டும். சாவி கொடுப்பதற்கு முன்பே பயணம் நின்றுபோனால் கேஸிலிருந்து தொடங்கினால் போதும்.

இதை எழுதுகிற புரோகிராமர் என்ன செய்வார்? முதல் தடங்கலுக்கு இரண்டு வரி எழுதுவார். அடுத்ததற்கு அதையே நகலெடுத்து ஒரு வரி சேர்ப்பார். அதற்கடுத்ததற்கு அதையும் நகலெடுப்பார். முடிவில் ஒரே பங்ஷனுக்குள் ஒன்பது வாசல்கள். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட அதே வரிகள். அந்தக் "கிட்டத்தட்ட"தான் வம்பு. என் மருமகன் அந்த ஒன்பதையும் ஒன்றாக்கியிருந்தான். பராமரிக்கிறவர் எழுதிய பதில் இரண்டே வரி: இது பல வருஷமாக ஓடுகிற கோட், பிழைப் பாதைகளை ஓட்டிப் பார்த்தீர்களா, இல்லையென்றால் வேண்டாம்.

நான் அவன் கட்சி. ஏன் என்றால் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

1990-களின் பின்பாதியில் நான் வேலை பார்த்த இடத்தில் யூனிக்ஸ் இயந்திரங்களுக்கு ஒரு ஃபைல் சிஸ்டம் டிரைவரை நாங்களே எழுதிக் கொடுத்தோம். கழற்றி மாட்டுகிற டிஸ்க் கார்ட்ரிட்ஜ்களுக்கானது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: ராத்திரியில் எப்போதாவது இயந்திரம் அப்படியே நின்றுவிடுகிறது. நின்ற நாள்களை எழுதிப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு டியூட்டி முடித்துப் போகிறவர் டிரைவில் எதையாவது செருகிவிட்டுப் போன நாள்களில்தான் நின்றிருக்கிறது, அதுவும் விடியற்காலை நான்கு மணி வாக்கில்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. பழுதான கார்ட்ரிட்ஜ் உள்ளே இருந்தால் பத்து விநாடிக்கு ஒருமுறை மவுன்ட் செய்து பார்க்கும்படி ஒரு புரோகிராம் வைத்திருந்தோம். ஒவ்வொரு முயற்சியும் தோற்று வெளியே வரும்போது 8 கேபி பஃபர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் வந்தது. மணிக்கு 360 முயற்சி, கிட்டத்தட்ட 2.9 எம்பி. இயந்திரத்தில் மொத்தமே 64 எம்பி மெமரி, அதில் ராத்திரி மிஞ்சியிருப்பது முப்பது சொச்சம். பத்து மணி நேரத்தில் கஜானா காலி.

பங்ஷனைத் திறந்து பார்த்தேன். எட்டு வாசல்கள், எல்லாம் நகல்கள். பஃபரின் பெயரை வைத்துத் தேடி, கண்ணில் பட்ட ஏழு இடங்களிலும் விடுபட்ட வரியைச் சேர்த்து அனுப்பினேன். மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அதே வாடிக்கையாளர், அதே புகார். எட்டாவது நகலை எழுதியவர் அந்தப் பஃபருக்கு வேறு பெயர் வைத்திருந்தார். என் தேடலில் அது சிக்கவே இல்லை. அந்த மூன்று மாதத்தில் அவர்களுக்கு நான்கு இரவு வேலை கெட்டது. போனில் அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் எட்டையும் ஒன்றாக்கினேன். அதற்கு வேண்டியிருந்தது கோ டூ. கல்லூரியில் அது தீண்டத்தகாத வார்த்தை. டைக்ஸ்ட்ரா 1968-ல் ஏ.சி.எம். இதழுக்கு எழுதிய ஒரு கடிதம் "கோ டூ தீங்கானது" என்ற பொருள்படும் தலைப்பில் வந்து, ஒரு தலைமுறை வாத்தியார்களின் கையில் பிரம்பாக மாறியது. (அந்தத் தலைப்பை வைத்தது டைக்ஸ்ட்ரா இல்லை, அப்போது ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த்.) ஆனால் லினக்ஸ்காரர்களின் கோடிங் விதிமுறையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: பங்ஷனிலிருந்து பல இடங்களில் வெளியேற வேண்டியிருந்து, ஒவ்வொரு இடத்திலும் அதே துப்புரவு வேலை இருந்தால் கோ டூ போட்டு ஓரிடத்துக்கு வா என்று. எக்ஸ்ட்2-வின் மவுன்ட் பங்ஷனின் அடியில் பார்த்தால் ஏணிப்படி மாதிரி பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்கும். எந்தப் படியில் தடுக்கி விழுந்தாயோ அந்தப் பலகைக்குப் போ, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே வா. திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு தடவைதான் எழுதப்பட்டிருக்கும். மறந்தால் எல்லா வழியிலும் மறக்கும், அதனால் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும்.

கோ டூ-வைப் பிடிக்காதவர்கள் 2014-ல் ஆப்பிளுக்கு நடந்ததைச் சொல்வார்கள். பாதுகாப்பு இணைப்பைச் சரிபார்க்கும் பங்ஷனில் "கோ டூ ஃபெயில்" என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லாததால் கையெழுத்துச் சோதனையைத் தாண்டி நேராக வெளியே போய்விட்டது. உண்மைதான். ஆனால் அந்தப் பங்ஷனைப் பார்த்தால் ஒரே சாயலில் வரிசையாக வரிகள். வித்தியாசம் இல்லாத கூட்டத்தில் ஒரு ஆள் கூடுதலாக நின்றால் யார் கண்ணில் படும்?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிலர் லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களையும் டிஸ்க் டிரைவர்களையும் ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழேயிருந்து வருகிற பிழைச் செய்தி மேலே போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. 1153 இடங்களில், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றில், செய்தி நடுவழியில் தொலைந்துபோகிறது என்று கண்டார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே "பிழை கையாளுதல் எப்போதாவது சரியாக இருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். நான் ரசித்துச் சிரித்த ஒரே ஆராய்ச்சிக் கட்டுரை அது.

இத்தனையும் மருமகனிடம் சொன்னதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படின்னா அவங்களுக்குக் காட்டமா ஒரு பதில் எழுதறேன் மாமா" என்றான்.

"கொஞ்சம் பொறுடா" என்றேன். கதையின் மிச்சத்தை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

எட்டையும் ஒன்றாக்கிய அந்த வாரத்தில் எங்கள் சோதனை இயந்திரமே விழுந்தது. முதல் படியிலேயே தோற்றால் இன்னும் வாங்கவே வாங்காத பஃபரை என் பொது வாசல் திருப்பிக் கொடுக்கப் போனது. தொடக்கத்தில் அந்த இடத்தில் பூஜ்யம் வைக்க மறந்திருந்தேன். குப்பை முகவரி, கெர்னல் காலி. எட்டு நகல்களும் வருஷக்கணக்காக மெமரியை ஒழுகவிட்டதே தவிர இப்படி ஆளைக் கொன்றதில்லை. ஆக, அந்தப் பராமரிப்பாளர் கேட்டது சோம்பேறித்தனமான கேள்வி கிடையாது. பிழைப் பாதையில் யாரும் தினமும் நடப்பதில்லை. அங்கே புதிதாகத் தவறு நுழைத்தால் அது வெளியே தெரிய ஒரு டிஸ்க் கெட வேண்டும், அது எவருடைய டிஸ்க்காகவும் இருக்கலாம். பழைய வெளியீடுகளுக்குத் திருத்தங்களை எடுத்துப் போகிறவர்களுக்கும் வரிகள் இடம் மாறினால் தலைவலி.

ஆனாலும் நகல்களை அப்படியே விட்டுவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்று என்பேன். எங்கள் காலத்தில் கெட்ட டிஸ்கைத் தேடி அலைவோம். ஒரு நண்பர் நல்ல டிஸ்கை வேண்டுமென்றே ஆணியால் கீறி வைத்திருந்தார். இன்றைக்கு லினக்ஸிலேயே வசதி இருக்கிறது. மூன்றாவது தடவை மெமரி கேட்கும்போது மட்டும் "இல்லை" என்று சொல்ல வைக்கலாம். குறிப்பிட்ட கட்டங்களைத் தொட்டால் மட்டும் பிழை தருகிற பொய் டிஸ்கை உண்டாக்கலாம். ஒன்பது வாசல் என்றால் ஒன்பது சோதனை, ஒரு சாயங்கால வேலை. 2023-ல் வந்த 6.5 வெளியீட்டிலிருந்து, பங்ஷனை விட்டு வெளியே போகும்போது கம்பைலரே மெமரியைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதும் முறையும் வந்துவிட்டது. நல்லதுதான்.

பிறகு இருவரும் சேர்ந்து அவன் திருத்தத்தை வரிவரியாகப் படித்தோம். நான் காகிதத்தில் படிகளை எழுதி, எதிரே அந்தந்த வாசல் திருப்பிச் சொல்லும் எண்ணை எழுதினேன். ஆறாவது வாசலில் பழைய கோட் சொன்னது மைனஸ் 5. அவன் கோட் சொன்னது மைனஸ் 22.

"இது என்னடா?"

"எல்லாத்துக்கும் பொதுவா ஒரே எண் போட்டேன் மாமா. எப்படியும் மவுன்ட் ஆகப்போறதில்லையே."

மைனஸ் 5 என்றால் டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். மைனஸ் 22 என்றால் படித்தேன், ஆனால் உள்ளே இருப்பது செல்லாது. முதல் எண் வந்தால் மவுன்ட் கட்டளை "சூப்பர் பிளாக்கைப் படிக்க முடியவில்லை" என்று சொல்லும். இரண்டாவது வந்தால் "ஃபைல் சிஸ்டம் வகை தவறு" என்கிற ரீதியில் ஒரு நீளச் செய்தி வரும். முதலாவதைப் பார்க்கிறவர் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார், இல்லை தெரிந்தவரிடம் டிஸ்கைக் கொடுப்பார். இரண்டாவதைப் பார்க்கிறவர், இது காலி டிஸ்க் போலிருக்கிறது என்று ஃபார்மேட் செய்துவிடுவார். பத்து வருஷத்துக் குடும்பப் படங்களை அப்படித் தொலைத்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

அவன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்டமான பதிலைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒன்பது வாசலையும் ஒரே குழியில் தள்ளாமல் ஏணியாகக் கட்டுகிறேன், எண்ணை அந்தந்தப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்குகிறேன் என்றான். சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவன் ராத்திரி பத்து மணி வரை பொய் டிஸ்க் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காவது சோதனையில் இயந்திரம் விழுந்தது. அவன் மாற்றியதால் இல்லை, பழைய கோடிலேயே அந்தத் தவறு இருந்திருக்கிறது. அந்தத் திருத்தத்தை முதலில் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.