கோட்டைக்குள் இருந்தது கடையா?

காட்டூர்ப் பக்கத்து டீக்கடையில் கேட்டாலும், பழவேற்காடு ஏரியில் படகு விடுகிறவரைக் கேட்டாலும், சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறவரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: டச்சுக்காரன் துணி வாங்க வந்தான், காசு கொடுத்து வாங்கினான், போய்விட்டான், நாட்டைப் பிடித்தவன் இங்கிலீஷ்காரன். கொஞ்சம் படித்தவர்கள் இதையே ‘அமைதியான வாணிபக் குடியேற்றம்’ என்பார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கட்டி, இன்று முள்புதர் மண்டிக் கிடக்கும் கெல்ட்ரியா கோட்டையில் தினமும் காவல் நின்ற சிப்பாய்க்கு இந்தக் கதையில் இடமே இல்லை. அவனை உள்ளே விட்டால் கதை நிற்காது.

முதலில், ‘வெறும் வியாபாரிகள்’ என்ற பேச்சு. 1602-இல் ஆம்ஸ்டர்டாமிலும் மற்ற துறைமுகங்களிலும் இருந்த வணிகர்களைச் சேர்த்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானபோதே, கோட்டை கட்டவும், சிப்பாய் வைக்கவும், போர் தொடுக்கவும், ஒப்பந்தம் போடவும் அதற்குச் சாசனத்தில் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டது. எந்த மளிகைக் கடைக்காரருக்கு இப்படி லைசென்ஸ் கிடைக்கும்? கம்பெனியின் கிழக்குலக அதிகாரி யான் பீட்டர்சூன் கூன் 1614-இலேயே தன் முதலாளிகளுக்கு எழுதிவிட்டார்: வாணிபம் இல்லாமல் போர் நடத்த முடியாது, போர் இல்லாமல் வாணிபமும் நடத்த முடியாது என்பது அதன் சாரம். அவர்களே ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

அடுத்தது, ‘ராஜா அனுமதி கொடுத்தார்’ என்பது. உண்மைதான், கொடுத்தார். 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் பழவேற்காட்டில் வாணிபம் செய்ய இடம் கொடுத்தார். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து டச்சுப் பண்டசாலையைத் தாக்கி அழித்தார்கள். அந்தச் சண்டைக்குப் பின் எழுந்ததுதான் கோட்டை. 1613-இல் அது முடிந்தபோது அதிகாரி வெம்மர் ஃபான் பெர்கம் அதற்குத் தன் சொந்தச் சீமையின் பெயரை வைத்தார். அனுமதி கொடுத்த வேங்கடர் 1614-இல் இறந்தார். வாரிசுச் சண்டையில் நாடு சிதறியது. 1640-களில் கோல்கொண்டா வந்தது, 1687-இல் கோல்கொண்டாவை முகலாயர் விழுங்கினார்கள், பிறகு ஆற்காட்டு நவாப். அனுமதி தந்த அரசே இல்லாமல் போன பிறகும் கோட்டை அப்படியே நின்றது. ஒவ்வொரு புது ஆட்சியிடமும் பேரம் பேசினார்கள், வெகுமதி கொடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரத்துக்கு உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் பீரங்கி இருந்தது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். ஜாவாவைப் போலவோ பண்டா தீவுகளைப் போலவோ இங்கே உள்நாட்டை அவர்கள் ஆளவில்லை. அச்சுதப்பச் செட்டி, அவர் தம்பி சின்னண்ணச் செட்டி போன்ற வணிகர்கள் கம்பெனியோடு சரிக்குச் சரி பேசினார்கள். சில சமயம் கம்பெனியே அவர்கள் தயவில் இருந்தது. ஆகவே தேசத்தைப் பிடித்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒரு முகத்துவாரத்தையும் அதையொட்டிய ஊரையும் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதில் மிகை எதுவும் இல்லை.

‘சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களும் சரக்குக்குக் காவல் இருந்தார்கள்’ என்பார்கள். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அந்தச் சிப்பாய் யார்? பெரும்பாலும் டச்சுக்காரன்கூட இல்லை. ஜெர்மன் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாம் வந்தவர்கள் கம்பெனிப் படையில் ஏராளம். ஆள்பிடிக்கும் தரகன் தங்க இடமும் சோறும் கொடுத்துக் கடனில் மாட்டிவிட்டு, கப்பல் ஏற்றும்போது சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்படி டச்சுக் காசு 150 கில்டருக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வான். சிப்பாயின் மாதச் சம்பளம் சுமார் 9 கில்டர். பதினாறு மாத உழைப்புக்கு மேல் கப்பல் கிளம்பும் முன்பே அடமானம்! ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆசியாவுக்கு வந்து சேரவே ஏழெட்டு மாதம். இரண்டு நூற்றாண்டுகளில் இப்படிக் கப்பலேறிய ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஊர் திரும்பியவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட.

அவனுடைய நாள் எப்படி இருந்தது? கம்பெனிக் கோட்டைகளின் பொது நடைமுறை இது: விடியலில் முரசு, கதவு திறப்பு, ஆள் கணக்கு, கொத்தளத்தில் முறை வைத்துக் காவல், மாலையில் கதவு அடைத்துச் சாவி அதிகாரி கைக்குப் போகும். மிச்ச நேரத்துக்குச் சாராயம், சூதாட்டம், காய்ச்சல். பெரிய கப்பல் ஏரிக்குள் வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், அலை தாண்டி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கரையின் படகுக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காலத்தில் இந்தக் கரையில் கப்பல் நிற்காது. அப்போது உப்புக்காற்றையும் மழையையும் பார்த்தபடி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பாவம் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவன் எதைக் காத்தான் என்று பார்க்க வேண்டும். துணி மூட்டையை மட்டும் அல்ல. பழவேற்காட்டில் கம்பெனி வெடிமருந்து தயாரித்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. நாணயச்சாலையும் இங்கே இருந்தது. பஞ்ச காலத்தில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றபோது கம்பெனி வாங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கிழக்கே போனார்கள், அந்த ஏற்றுமதியில் பழவேற்காடு முக்கியத் துறை. 1621-இல் கூன் பண்டா தீவுகளின் குடிமக்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்த பிறகு, அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்களை நடத்த அடிமைகள் தேவைப்பட்டார்கள். கப்பல் வரும்வரை அந்த மனிதர்கள் ஓடிவிடாமல் காவல் காப்பது யார் வேலை? கணக்குப்பிள்ளையின் வேலை அல்ல. கொத்தளத்தில் நின்றவர்களை எண்ணி ‘கொஞ்சம் பேர்’ என்பவர்கள், அந்தக் கொஞ்சம் பேரை வைத்து என்னென்ன சாத்தியமானது என்று எண்ணுவதில்லை.

‘ஊரோடு கலந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள்’ என்பது இன்னொன்று. செய்துகொண்டார்கள், கம்பெனியும் ஊக்குவித்தது. மனைவி கிறிஸ்தவராக வேண்டும், அவளை விட்டுவிட்டு இவன் ஊர் திரும்பக் கூடாது, அவளை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகவும் கூடாது என்பது கம்பெனி வகுத்த விதிகளின் போக்கு. புதுச் சிப்பாயை வரவழைக்கும் செலவு மிச்சம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இதற்குப் பெயர் நல்லிணக்கம் என்றால் சரி.

பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறையைக் காட்டி ‘எவ்வளவு கௌரவமாக வாழ்ந்திருக்கிறார்கள் பாருங்கள்’ என்பவர்களும் உண்டு. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், உள்ளே பூவேலையும் குலச்சின்னமும் பொறித்த பலகைக் கற்கள். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதால் இவையாவது மிஞ்சின. ஆனால் கல் வெட்டிப் பெயர் பொறிக்கக் காசு வேண்டும். பெருவணிகர்களும் அதிகாரிகளும் அவர்கள் மனைவி மக்களும் அங்கே பெயரோடு கிடக்கிறார்கள். 9 கில்டர்காரன் பெயரைத் தேடினால் நெதர்லாந்தில் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் சம்பளப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். அங்கே அவன் பெயருக்கு எதிரே கடனும் எழுதியிருக்கும்.

கடைசியாக, ‘சண்டை இல்லாமல் போய்விட்டார்கள்’ என்பது. 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், சமாதானமானதும் திருப்பிக் கொடுத்தார்கள். 1795-இல் மறுபடி பிடித்து 1818-இல் மறுபடி கொடுத்தார்கள். 1824-இல் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், மலாக்கா எல்லாம் ஆங்கிலேயருக்குப் போயின. பதிலுக்கு சுமத்ராவில் பென்கூலன் டச்சுக்காரர்களுக்கு வந்தது. ஏரியில் பாடு இறங்கிய மீனவர்களையோ தறியில் உட்கார்ந்தவர்களையோ யாரும் கேட்கவில்லை. கடை மட்டும் வைத்திருந்தவர்களிடம் கைமாற்றித் தர ஒரு ஊரே எப்படி இருந்தது என்பதை ‘வெறும் வியாபாரி’ கட்சிக்காரர்கள்தான் விளக்க வேண்டும்.