ஆட்டக்காரன் குற்றவாளி, ஆட்டுவித்தவர்கள் யோக்கியர்களா?

அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தில் பேட்டன் ரூஜ் என்கிற பட்டணத்தில், 2012-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ந் தேதி, டைரன் மேத்யூ என்னும் 20 வயது வாலிபர் கஞ்சா வைத்திருந்ததாகப் போலீசாரால் கைது செய்யப்பட்டார். அவருடன் இன்னும் மூவரும் பிடிபட்டார்கள். கைக்கு வந்த பாக்கியத்தைக் காலால் உதைத்த பையன், புத்தி கெட்ட பையன் என்று ஊரெல்லாம் ஒரே பாட்டாய்ப் பாடிற்று. அந்தப் பாட்டைப் பாடினவர்களுடைய யோக்கியதை என்ன என்பதைத்தான் இங்கே விசாரிக்கப் போகிறோம்.

மேத்யூ கால்பந்து ஆட்டக்காரர். கால்பந்து என்றதும் நம் தோழர்கள் வேறு ஆட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்நாட்டாருடைய கால்பந்து, முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவன் மேலே விழுந்து சாய்ப்பதுமான ஆட்டம். பேருக்கும் காரியத்துக்கும் சம்பந்தமில்லை. இதைக் கல்லூரி மாணவர்கள் ஆட, லூசியானா மாகாண சர்வகலாசாலை மைதானத்தில் அக்காலத்திலேயே 90,000 பேருக்கு மேல் பணம் கொடுத்து உட்கார்ந்து பார்ப்பார்கள். 2011-ம் ஆண்டில் அந்தச் சர்வகலாசாலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் முதல்வர் மேத்யூ. நாட்டிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். ஹெய்ஸ்மன் என்கிற பெரிய பரிசுக்காக நியூயார்க்குக்கு அழைக்கப்பட்ட 5 பேரில் அவரும் ஒருவர். பந்தைத் தடுக்கிறவனை அந்தப் பந்திக்குக் கூப்பிடுவது வெகு அபூர்வம்.

இனித் தேதிகளைக் கவனியுங்கள். அதே 2011 அக்டோபரில், போதைச் சோதனையில் தேறவில்லையென்று சொல்லப்பட்டு அவர் ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். எத்தனை ஆட்டத்துக்கு? ஒரே ஒரு ஆட்டத்துக்கு. அடுத்தது அலபாமாக் கல்லூரியோடு நடக்க வேண்டிய மகா ஆட்டம். அதற்குள் திரும்பி வந்துவிட்டார். பருவம் முடிகிற வரைக்கும் ஆடினார். 2012 ஜனவரியில் கடைசி ஆட்டமும் ஆடியாயிற்று. ஆகஸ்டு 10-ந் தேதி, கோஷ்டி விதியை மீறினார் என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டார்கள். வெளியே போன பையன் இரண்டரை மாதத்தில் போலீசார் கையில் அகப்பட்டார்.

குற்றத்துக்குத் தக்கபடி தண்டனை ஏறிக்கொண்டு போகும், அதுதான் விதி என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். இருக்கட்டும். ஒரு ஆட்டக்காரனுடைய முழங்காலில் ஒரு நரம்பு அறுந்தால் அவனை முதல் தடவை ஒரு நாள் வெளியே நிறுத்தி, அடுத்த தடவை ஊரை விட்டுத் துரத்துகிறார்களா? முதல் தரமான வைத்தியரைக் கொண்டுவந்து ரண சிகிச்சை செய்கிறார்கள். முழங்கால் கெட்டால் வைத்தியம், பழக்கம் கெட்டால் பிரஷ்டம் என்பது எந்த அறிவைச் சேர்ந்தது? தள்ளப்பட்ட பிறகு மேத்யூ ஹூஸ்டன் போய், தானும் ஒரு காலத்தில் போதையில் விழுந்து எழுந்தவரான ஜான் லூகாஸ் என்ற பழைய கூடைப்பந்து ஆட்டக்காரரிடத்தில் சிகிச்சைக்கு இருந்தார். அதன் பிறகும் தடுமாறினார் என்பதைத்தான் அக்டோபர் கைது காட்டுகிறது. பழக்கம் என்பது அப்படித்தான். ஒரே மாதத்தில் விட்டுவிடக் கூடியதானால் அதற்குப் பழக்கம் என்று பேரே வந்திராது.

நிற்க, இந்த ஆட்டத்தில் கொழுத்தவர்கள் யார் என்று பார்ப்போம். மேத்யூ ஆடிய காலத்தில் அவருடைய பயிற்சியாளருக்கு வருஷச் சம்பளம் 35 லட்சம் டாலருக்கு மேல். ஆடுகிற பையனுக்குச் சம்பளம் இல்லை. படிப்பு, சாப்பாடு, இருக்க இடம், அவ்வளவே. கேட்டால், அவன் மாணவன், கூலிக்கு ஆடுவது களங்கம் என்று சாஸ்திரம் பேசினார்கள். இந்தச் சாஸ்திரம் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1955-ல் கொலராடோவில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்திலே தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளிக்குரிய நஷ்டஈடு வேண்டுமென்று கேட்டார். அவர் தொழிலாளி அல்ல என்று 1957-ல் அம்மாகாண உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை 1951 முதல் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் நடத்திய வால்டர் பையர்ஸ் என்பவர், ‘மாணவ ஆட்டக்காரர்’ என்கிற பேரை இப்படிப்பட்ட நஷ்டஈட்டு வழக்குகளுக்குப் பயந்துதான் உண்டாக்கினோம் என்று 1995-ல் தாமே புஸ்தகம் எழுதி ஒப்புக்கொண்டார். பூசாரியே கதவைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிய மாதிரி! அதற்குப் பிறகும் கும்பிடு நிற்கவில்லை. 2021-ல் தேசத்து உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய் அச்சங்கத்தின் கட்டுப்பாட்டில் ஓட்டை போட்ட பிறகே சாஸ்திரம் தளர ஆரம்பித்தது.

‘அப்படியானால் கஞ்சாவை நல்லதென்கிறாயா?’ என்று சிலர் கேட்கலாம். நாம் எந்தப் போதைக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. வளர்கிற மூளைக்கு அது கெடுதல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் கேட்பது, கெடுதல்தான் காரணமானால் எல்லாக் கெடுதலையும் ஒரே தராசில் ஏன் நிறுக்கவில்லை என்பது. இதே ஆட்டத்தில் டோரடால் என்ற வலி மறைக்கும் ஊசியைப் போட்டு, அடிபட்டவனை மைதானத்துக்கு அனுப்புகிற வழக்கம் ஊரறிந்தது. வலி என்பது ‘போதும், நிறுத்து’ என்று உடம்பு சொல்லுகிற சொல். அந்தச் சொல்லின் வாயை அடைத்தால் அது வைத்தியமாம். பையன் தன் அறையில் உட்கார்ந்து புகைத்தால் குற்றமாம். மதுவின் கதையோ இன்னும் வேடிக்கை. 2019 முதல் அதே சர்வகலாசாலை மைதானத்தில் பீர் விற்கிறார்கள்; லாபம் சர்வகலாசாலைக் கணக்கில் சேருகிறது.

தண்டனை யார் முதுகில் விழுகிறது என்பதும் ரகசியமல்ல. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பிடிக்கிறார்கள். ஆனால் 2010-ம் ஆண்டுக் கணக்கின்படி கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாவதில் கறுப்பர் வெள்ளையரைப் போல் 3.7 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013-ல் கணக்கு வெளியிட்டது. மேத்யூ கறுப்பர். கறுப்பன் பந்தைப் பிடித்து ஓடினால் கைதட்டு, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் கைவிலங்கு!

மேத்யூ பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதல் வரிசையில் ஏலம் போக வேண்டியவர், 2013-ல் மூன்றாம் வரிசையில் 69-ம் ஆளாக அரிசோனா கோஷ்டியால் எடுக்கப்பட்டார். அந்த இடைவெளியின் விலை லட்சக்கணக்கான டாலர். ஆனாலும் பெரிய ஆட்டக்காரரானார். 2020 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி கோஷ்டியோடு சூப்பர் பௌல் வெற்றி கண்டார். 2025-ல் ஓய்வு பெற்றார். இதைக் காட்டி, ‘பார், உழைத்தான், திருந்தினான், தண்டனைதான் அவனை மனிதனாக்கிற்று’ என்று உபதேசம் செய்கிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது. நாட்டில் ஒருவனுக்கு இருக்கிற கால் வேகம் அவருக்கு இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேகம் இல்லாதவன் கதி என்ன?

அவனுக்கென்று 1998-ல் ஒரு சட்டமே செய்தார்கள். போதைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட மாணவனுக்குச் சர்க்கார் படிப்புதவி கிடையாது. வைத்திருந்த குற்றமானால் முதல் தடவைக்கு ஒரு வருஷம், இரண்டாவதுக்கு இரண்டு வருஷம், மூன்றாவதுக்குக் கெடுவே இல்லை. கொலைக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவனுக்கு அந்தச் சட்டம் அப்படியொரு தடை வைக்கவில்லை! பணக்காரன் பிள்ளைக்கு உதவி தேவையில்லை, ஆகவே அவனுக்குத் தண்டனையுமில்லை. தோட்டி மகனும் துணி வெளுப்பவன் மகனும்தான் புஸ்தகத்தை மூடிவிட்டுப் போக வேண்டியது.

இன்றைக்கு நிலைமை எப்படியென்றால், கஞ்சாச் சோதனையில் தேறாததற்காக மட்டும் ஆட்டத்தை விட்டு நிறுத்தும் வழக்கத்தைத் தொழில் கோஷ்டிகள் 2020-லேயே கைவிட்டன. லூசியானாவில் 2021 ஆகஸ்டு முதல் 14 கிராம் வரைக்கும் அபராதம் 100 டாலருக்குள் முடிகிறது. கல்லூரி விளையாட்டுச் சங்கம் முதல் பிரிவில் 2024-ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 1998-ம் வருஷத்துச் சட்டப்பிரிவையும் 2020 டிசம்பரில் நீக்கத் தீர்மானித்துவிட்டார்கள். இடையில் இருபது வருஷமாய்ப் படிப்பை விட்டுப் போனவர்களில் ஒருவனையாவது, ‘நாங்கள்தான் தவறினோம், திரும்பி வா’ என்று அழைத்துக் கடிதம் போட்ட சர்வகலாசாலை எது என்று கேட்கிறோம்.