குப்பையில் கிடந்த "சிம்மாசனம்"!

மேனாம்பேட்டில் குப்பை அள்ளவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தேன்.

புகார் உண்மைதான். தெரு முனையில் ஆள் உயரத்துக்குக் குப்பை. அதன் மேலே சிவப்பாக ஒரு தோல். அதை நாய் ஒன்று இழுத்துக் கொண்டிருந்தது. உள்ளே இருந்து முடி கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது.

கொலைச் செய்தி எழுதிப் பழகிய எனக்கே பகீர் என்றது!

கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. அது குதிரை முடி. தோல், மாட்டுத் தோல். யாரோ பழைய கார் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு குஷன் பட்டறை. அங்கே விசாரித்தேன். 40 வருஷமாக சீட்டு தைக்கிற பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, அதையும் போட்டோ புடிச்சிட்டியா? அது சாதா சீட்டு இல்ல. எம்.ஜி. காரு சீட்டு" என்றார்.

"எம்.ஜி.ஆர். காரா அய்யா?" என்று கேட்டு விட்டேன். பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

எம்.ஜி. என்றால்?

"மோரிஸ் கராஜஸ்" என்பதன் சுருக்கம்தான் எம்.ஜி. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணியால் ஆனது. வேண்டாம் என்றால் மடித்துக் கொள்ளலாம்.

பட்டறைக்கு வந்தது "டி.டி." என்ற மாடல். 1949 முதல் 1953 வரை மட்டுமே செய்தார்கள். மொத்தம் சுமார் 30 ஆயிரம் கார்கள். அவ்வளவுதான்.

அந்தக் காரின் சீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. உட்காரும் திண்டு இரண்டு, தனித்தனி. முதுகு சாய்கிற திண்டு ஒரே நீளம். உடம்பு படுகிற இடத்தில் மட்டும் அசல் தோல். பின்பக்கமும் ஓரமும் தோல் மாதிரியான துணி.

"முழுக்கத் தோல் போட்டாலும் தப்பு. முழுக்க ரெக்சின் போட்டாலும் தப்பு" என்றார் பெரியவர்.

ஆனால் காரின் சொந்தக்காரர் போட்ட உத்தரவு வேறு. "பழசைக் கழட்டித் தூக்கிப் போடு. புதுசா, பளபளன்னு போடு!"

போட்டாகி விட்டது. கறுப்பு ரெக்சின், மஞ்சள் நூல், டைமண்ட் தையல். உள்ளே ஸ்பாஞ்சு. எனக்கென்னவோ, கச்சேரி வித்வானுக்கு சர்க்கஸ் சட்டை மாட்டி விட்டது போல இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய கார்களுக்கு என்று மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டிய கார், "வின்டேஜ்" கார். நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம். ஊர்வலம், கண்காட்சி என்று கொண்டு போகலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

கார் அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றை மாற்றக் கூடாது. காரைப் பார்த்துச் சரி சொல்ல மாநிலத்தில் ஒரு கமிட்டியும் வேண்டும்.

எல்லாம் சரி. சீட்டு?

சீட்டைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை! என்ஜினில் கை வைத்தால் குற்றம். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டால் கேட்பார் இல்லை.

ஒரு காரில் மனிதன் தொட்டுப் பழகிய இடம் எது? என்ஜினா? சீட்டுதானே! சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில், நம் பட்டணத்துக்காரர்கள் என்ஜினைக் காதால் கேட்டார்கள். ஓட்டியவர் வியர்வையை வாங்கிக் கொண்டது சீட்டு. அந்தத் தையல் போனால் போனதுதான்.

தைக்கத் தெரிந்த கை

"கிழிந்த சீட்டில் உட்கார்ந்து ஊர்வலம் போக முடியுமா?" என்று கார்க்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

போக வேண்டாம் அய்யா. பழுது பாருங்கள். ஆனால் முறையாகப் பாருங்கள்.

அந்த முறையைப் பெரியவரே சொன்னார். முதலில் சீட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். மடிப்பு எத்தனை, ஒரு அங்குலத்துக்குத் தையல் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு தையலைப் பிளேடால் பிரிக்க வேண்டும். இழுத்துக் கிழிக்கவே கூடாது. தோல் உயிரோடு இருந்தால் சுத்தம் பண்ணி, எண்ணெய்ப் பசை ஊட்டி, கிழிசலுக்குப் பின்னால் துணி வைத்து ஒட்டி, நிறம் கொடுத்து விடலாம்.

தோல் செத்துப் போயிருந்தால்? அப்போதுதான் அது ரொம்ப முக்கியம்! பிரித்த பழைய தோலையே அளவாக வைத்துப் புதுத் தோலை வெட்ட வேண்டும். அளவு போனால், அப்புறம் எல்லாம் கண் மதிப்புதான்.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் இதே கவனம் வேண்டும். 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் வட்டாரம் பட்ட பாடு வாசகர்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்த சீட்டை வெயிலில் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். நிழலில்தான் காய வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் முடியையும் சாக்கையும் வெளியே எடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

நம்மிடம் இல்லாததா?

தோலுக்கு நாம் எங்கே போக வேண்டும்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் நம் பக்கத்தில்தான். அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட நம் தோலை வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக வாங்கினான்.

சக்கரத்தைப் பாருங்கள். பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா கம்பெனி, பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கம்பிச் சக்கரம் செய்து சீமைக்கே அனுப்பியிருக்கிறது. சக்கரத்துக்கு இருக்கிற மரியாதை சீட்டுக்கு இல்லையா?

இல்லாதது ஒன்றுதான். கற்றுக் கொள்ள ஆள்!

பெரியவரிடம் இரண்டு பையன்கள் வேலை பார்த்தார்கள். இரண்டு பேரும் இப்போது பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரெடிமேட் சீட் கவர் வந்த பிறகு கைத்தையலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

"பணக்காரன் கார் சீட்டுக்கு இவ்வளவு கூச்சலா?" என்று நீங்கள் கேட்கலாம். கார் பணக்காரருடையது. கை யாருடையது? மேனாம்பேட்டுத் தொழிலாளி உடையது! ஒரு சீட்டைச் சரியாகத் திருப்பிச் செய்ய வாரக் கணக்கில் வேலை இருக்கிறது. அந்தக் கூலி இங்கே வர வேண்டிய கூலி.

என்ன செய்யலாம்?

ஒன்று: "வி.ஏ." நம்பருக்கு மனுப் போடும்போது சீட்டு, கதவு உள்பக்கம் இவற்றின் போட்டோவும் கேட்க வேண்டும். கமிட்டி கதவைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும்.

இரண்டு: அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் சொல்லித் தருவது போல, கார் குஷன் வேலைக்கும் ஒரு வகுப்பு வேண்டும். சொல்லித் தர இந்தப் பெரியவர் மாதிரி ஆட்களைக் கூப்பிட வேண்டும். சர்டிபிகேட் கேட்டு அவர்களை விரட்டக் கூடாது.

மூன்று: கார்க்காரர்களே! புதுசு போடுவது உங்கள் இஷ்டம். பழைய தோலை மட்டும் எறியாதீர்கள். ஒரு சாக்கில் கட்டி, கார் பெயரும் தேதியும் எழுதிப் பரண் மேல் போடுங்கள். உங்கள் பேரனுக்கு உதவும்.

குப்பை மேட்டுத் தோல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நாயை விரட்டி விட்டு எடுத்து வந்து பெரியவரிடம் கொடுத்தேன். தூசி தட்டினார். ஓரத்தில் நாய் கடித்த இடம் போக மீதி நன்றாக இருக்கிறது. "கார்க்காரருக்கு எப்பவாவது புத்தி வரும் தம்பி. அன்னிக்கு அளவு வேணுமே" என்று சுருட்டி மேலே வைத்தார்.

தோல் தப்பியது. குப்பை அப்படியே இருக்கிறது.

இரண்டையும் அதிகாரிகள் கவனிப்பார்களா?