ஒரே இணைப்பு, இரண்டு கணினிகள்
(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சென்ற ஆண்டுத் தணிக்கையின் நிமித்தம் சென்றிருந்தபோது, நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தறியிருந்த கூடத்தை அடுத்த அறையில் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. ஒன்று, 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த மகள் பெற்றது. மற்றொன்று, இளைய மகனின் கல்லூரிப் படிப்பிற்காகக் கடன்பட்டு வாங்கியது. வியப்பு யாதெனில், அவ்வீட்டில் பிராட்பேண்டு இணைப்புகளும் இரண்டு இருந்தன! “பழையதும் புதியதும் ஒரே இணைப்பில் ஓடமாட்டா” என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி, அவ்வன்பர் எட்டு மாதங்களாக இரட்டைக் கட்டணம் செலுத்தி வந்திருக்கிறார். இரவு பகலாகத் தறியில் உழைத்து ஈட்டிய கூலி இவ்வாறு வீணாவதைக் கண்டு வாளாவிருத்தல் எனக்கு இயலவில்லை. இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே.

ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வது புதுமையன்று. 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இதற்கு வழி இருந்தது. ஆனால் அன்று, இணைப்பைப் பெற்ற கணினி இயங்கினாலன்றி மற்றவை இணையத்தை எட்ட இயலாது. தலைவர் வந்தாலன்றிச் சங்கக் கதவு திறவாதது போன்ற நிலை அது. இன்று ரவுட்டர் என்னும் சிறு பெட்டி அவ்வேலையைச் செய்கின்றது. எந்தக் கணினி எதனைக் கேட்டது என்பதைக் குறித்துக்கொண்டு, வெளியிலிருந்து வருவதை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்ல குமாஸ்தா அது. கேட்பவர் பழையவரா, புதியவரா என்று அது பார்ப்பதில்லை.

அங்ஙனமாயின் அன்பரின் பழைய கணினி ஏன் இணையவில்லை? புதிய ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே திறந்திருந்தது. பழைய கணினியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றையே அறியும். மூடியிருந்த 2.4 கிகாஹெர்ட்ஸைத் திறந்தவுடன் அது இணைந்துவிட்டது. சில இல்லங்களில் தடை வேறாக இருக்கும். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்னும் புதிய பூட்டு முறை பழைய கணினிகள் பலவற்றிற்குப் புரியாது. அங்கு 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையையும் அனுமதித்தல் வேண்டும். ஆனால் அதற்கும் கீழே இறங்கலாகாது. டபிள்யூ.இ.பி. என்ற முறையை எளிதில் உடைக்கலாம் என்பது 2001-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு கிழக்கணினிக்காக வீடு முழுவதன் பூட்டையும் தளர்த்துவது அறிவுடைமையாகாது.

“பழைய கணினி, புதியதன் வேகத்தையும் கெடுத்துவிடும்” என்று கூறுவோர் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். மெல்லப் பேசுபவர் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வார். எனினும் இதற்குப் பரிகாரம் எளிது. பழைய கணினியை லேன் கேபிள் கொண்டு ரவுட்டரோடு நேரே இணைத்துவிட்டால், அது வைஃபையின் நேரத்தைத் தொடுவதே இல்லை. பழைய மடிக்கணினிகளின் கேபிள் துளைகள் பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட் வரை தாங்குவன. 40 அல்லது 50 மெகாபிட் இணைப்புப் பெற்ற வீட்டிற்கு அது தாராளம்.

வேகத்தினும் பெரிது பாதுகாப்பு. விண்டோஸ் 7-க்குரிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. இதனை அற்பமாகக் கருதலாகாது. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல், திருத்தம் இடாத கணினிகளிற் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அது எவரும் எதனையும் அழுத்தாமலே ஒரு கணினியினின்று அடுத்த கணினிக்குத் தாவ வல்லது. ஒரே இணைப்பைப் பகிர்வோர் ஒருவர் நோயையும் மற்றவர் பகிர நேரிடும்.

ஆகவே, எனது அபிப்பிராயம் இது: பழைய கணினியை எறியவும் வேண்டா, அதனை அப்படியே நம்பவும் வேண்டா. லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமில்லாத இயக்க முறையை அதில் இடுக. 2 ஜி.பி. நினைவகத்தில் அது இயங்கும், 4 ஜி.பி. இருப்பின் சிரமமின்றி இயங்கும். இடுமுன் அதிலுள்ள படங்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளல் அவசியம். திருத்தமற்ற பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கையோ சங்கக் கணக்கையோ திறத்தல் ஒருபோதும் கூடாது. லினக்ஸ் இடும்வரை அக்கணினியை, ரவுட்டரில் வசதி இருப்பின், கெஸ்ட் நெட்வொர்க்கில் மட்டும் வைஃபை வழியே இணைத்துப் பிறவற்றினின்றும் ஒதுக்கி வைத்தல் நலம். வேகம் சிறிது குறையினும் குற்றமில்லை. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடுக.

வீட்டிற்குள் ஓர் ஒழுங்கும் வேண்டும். பிள்ளைகளின் நேரலை வகுப்பு நடக்கும் வேளையில் பெரிய கோப்புகளை இறக்காமல் இரவிற்கு ஒதுக்குவது, நீர்ப்பாசனத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவதை ஒக்கும். இது உழவர்க்குச் சொல்லித் தரவேண்டிய பாடமன்று.

வலியவர்க்கும் எளியவர்க்கும் ஒரே சங்கத்தில் இடமளிப்பது நம் இயக்கத்தின் கொள்கை. ஆயினும் எளியவருக்காகக் கடன் விதிகளை நாம் கைவிடுவதில்லை. அவரவர் தகுதிக்கேற்பப் பொறுப்பளிக்கிறோம். வீட்டுக் கணினிகளுக்கும் அதுவே பொருந்தும். அவ்வன்பர் இரண்டாம் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பழைய கணினி இன்று லினக்ஸோடு கேபிளில் அமர்ந்து, சேலை மாதிரிகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வங்கி வேலை புதியதில் நடைபெறுகிறது. பொருள் தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு, ஒரு மாலைப் பொழுதில், ஏனைய அங்கத்தினர்களும் தத்தம் வீட்டு இணைப்பைச் சரிபார்த்து, வீண் செலவையும் வரும் கேட்டையும் தவிர்த்துக்கொள்வார்களாக!