படம் உங்களுக்கு, பட்டியல்தான் லட்டுவுக்கு

எங்கள் வீட்டு நாய் லட்டு சென்ற ஆண்டு காதையும் பாதங்களையும் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தான். கோழி இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்று சந்தேகித்த கால்நடை மருத்துவர், கோழி கலக்காத உணவைச் சில வாரங்களுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அன்று மாலையே அப்பாவும் நானும் கடைத்தொகுதியில் உள்ள செல்லப்பிராணிக் கடைக்குச் சென்று, இருந்தவற்றில் விலை அதிகமான பைகளில் ஒன்றை வாங்கி வந்தோம். பையின் முன்பக்கத்தில் ஆற்றிலிருந்து துள்ளும் சால்மன் மீன். பின்னணியில் பனிமலை. ஓரத்தில் ஒரு ஓநாய்.

ஆறு வாரங்கள் ஆகியும் சொறிச்சல் குறையவில்லை. பாதங்களில் புண்ணே வந்துவிட்டது. மறுபடியும் மருத்துவரிடம் போனபோது உணவுப் பையையும் கொண்டுவரச் சொன்னார். அதை வாங்கிப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். உள்ளடங்கிய பொருள்களின் பட்டியலில் முதலாவதாக இருந்தது, உலர்த்தி அரைத்த கோழித் தூள். அடுத்து மக்காச்சோளம், அரிசி, கோழிக் கொழுப்பு. சால்மன் பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் வந்தது. முன்பக்கத்தில் ‘சால்மன் சுவை’ என்று தெளிவாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் முதல் சொல்லை மட்டும் படித்திருந்தோம்.

“முன்னாடி இவ்வளவு பெரிசா மீன் படம் போட்டிருக்காங்களே டாக்டர்” என்றார் அப்பா.

“படம் உங்களுக்கு. பட்டியல்தான் லட்டுவுக்கு” என்றார் அவர்.

அந்தப் பையில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. நாய் உணவு விளம்பரங்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிவிடுகின்றன. ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்க வேண்டிய நாம், ‘என் நாய்மீது எனக்குள்ள அன்பை எது காட்டும்’ என்று கேட்டுக்கொண்டு பணத்தைக் கொடுக்கிறோம்.

ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் விழுக்காடு

நம் கடைகளில் விற்கப்படும் நாய் உணவுகளில் பல அமெரிக்கத் தயாரிப்புகள். அவற்றின் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு உள்ளது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் (சுருக்கமாக ‘ஆஃப்கோ’) வகுத்த மாதிரி விதிகளை அங்குள்ள பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றுகின்றன.

அதன்படி, ‘நாய்களுக்கான மாட்டிறைச்சி’ என்று பெயரிட்டால், சேர்க்கப்படும் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது 95 விழுக்காடு மாட்டிறைச்சி இருக்க வேண்டும். ‘மாட்டிறைச்சி டின்னர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் 25 விழுக்காடு போதும். ‘மாட்டிறைச்சியுடன்’ என்றால் 3 விழுக்காடு போதும். ‘மாட்டிறைச்சிச் சுவை’ என்றால் குறைந்தபட்ச விழுக்காடே கிடையாது. அந்தச் சுவை கண்டறியப்படும் அளவுக்கு இருந்தால் சரி.

95க்கும் 3க்கும் இடையிலான தூரம் ஒரே ஒரு சொல். கடையில் நின்று அவசரமாக வாங்கும்போது அந்தச் சொல் யார் கண்ணில் படும்?

இன்னொரு பக்கம், பையை நிறைக்கும் ‘பிரீமியம்’, ‘கூர்மே’, ‘ஹோலிஸ்டிக்’ போன்ற சொற்கள். அமெரிக்க விதிகளில் இவற்றுக்குத் தனி வரையறை எதுவும் இல்லை. ‘பிரீமியம்’ என்று போட்டுக்கொள்வதற்காக ஒரு நிறுவனம் உயர்ந்த பொருள்களைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பட்டியலில் முதலாவதாக ‘கோழி இறைச்சி’ என்று இருந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. பொருள்கள் சமைப்பதற்கு முந்தைய எடைப்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர். வறண்ட உணவாக ஆகும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். மறுபக்கம், மக்காச்சோளத்தை மாவாகவும் அதன் புரதமாகவும் முழுத் தானியமாகவும் மூன்று வரிகளில் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் எது அதிகம் என்பது புரியும்.

பிஸ்கட்டில் தொடங்கிய கதை

இந்தத் தந்திரம் சமூக ஊடகக் காலத்தில் பிறந்ததல்ல. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய்களுக்கான பிஸ்கட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கப்பல் மாலுமிகள் தின்னும் கடினமான ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்பதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்லப்படுகிறது. வேட்டைநாய் வளர்த்த வசதியான கனவான்களே அவரது வாடிக்கையாளர்கள்.

அதே நிறுவனத்தில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891ல் தமது பெயரில் ‘க்ரஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். அதாவது, நாய் உணவு கடைக்கு வந்த நாள் முதலே அது நாயின் பசியோடு மட்டுமன்றி, நாயை வளர்ப்பவரின் பெருமையோடும் சேர்த்தே விற்கப்பட்டு வந்துள்ளது.

‘ஓநாயின் உணவு’ என்ற கற்பனை

இன்றைய பைகளில் ஓநாய்க்கு என்ன வேலை? ‘உங்கள் நாய் உள்ளுக்குள் ஓநாய், அதற்குத் தானியம் ஆகாது’ என்பதே அந்தப் படம் சொல்லாமல் சொல்லும் செய்தி. ஆனால் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட மரபணு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு பிரதிகளாக இருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து, மனிதன் போட்டதைத் தின்று நாய் மாறியிருக்கிறது. ஜோகூரில் இருக்கும் என் பாட்டி வீட்டு வாசலில் பழைய சோற்றைத் தின்று வளர்ந்த நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஆனாலும் தானியமற்ற உணவுகள் வேகமாகப் பரவின. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. இதயம் விரிவடைந்து பலவீனமாகும் ஒருவகை நோய், வழக்கமாக அந்நோய் வராத இனங்களைச் சேர்ந்த நாய்களிடமும் காணப்படுவதாகவும் அவற்றில் பல, பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள உணவைத் தின்றவை என்றும் அது தெரிவித்தது. 2019 ஜூனில், இத்தகைய புகார்களில் அதிகம் இடம்பெற்ற 16 வணிகப் பெயர்களையும் வெளியிட்டது. புகாரில் குறிப்பிடப்பட்ட உணவுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தானியமற்றவை.

உணவுதான் நோய்க்குக் காரணம் என்று உறுதிப்படுத்தும் அளவுக்குத் தரவுகள் இல்லை என்று அதே நிர்வாகம் 2022ன் இறுதியில் கூறிவிட்டது. ஆகவே யாரையும் குற்றவாளி ஆக்குவதற்கில்லை. ஆனால், தானியம் ஒத்துக்கொள்ளாத நாய்கள் ஒருசிலவே இருக்க, மற்ற பல நாய்களின் தட்டிலிருந்தும் சோற்றை எடுத்துவிட்டது எது? மருத்துவ ஆலோசனையைவிட விளம்பரத்துக்கே அதில் பெரிய பங்கு உண்டு.

‘துணைப்பொருள்’ என்ற பூச்சாண்டி

‘எங்கள் உணவில் இறைச்சித் துணைப்பொருள்கள் இல்லை’ என்பது இன்னொரு பிரபல வாசகம். துணைப்பொருள் என்றால் பெரும்பாலும் ஈரல், நுரையீரல், சிறுநீரகம், குடல் போன்றவை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலும் குடல் குழம்பும் சாப்பிடும் நாம் இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? ஈரலில் சத்து அதிகம். தரம் குறைந்த துணைப்பொருள்களும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்தச் சொல் ஒன்றை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

இந்தப் பயத்தை வைத்து வளர்ந்த நிறுவனங்களில் ஒன்று ‘புளூ பஃபலோ’. தன் உணவில் கோழித் துணைப்பொருள் இல்லை என்று விளம்பரம் செய்தது. அது உண்மையல்ல என்று போட்டி நிறுவனமான ‘பியூரினா’ 2014ல் வழக்கு தொடுத்தது. முதலில் மறுத்த புளூ பஃபலோ, தனக்குப் பொருள் வழங்கிய நிறுவனம் அனுப்பியவற்றில் கணிசமான பகுதியில் துணைப்பொருள் கலந்திருந்ததை 2015ல் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 32 மில்லியன் அமெரிக்க டாலர் தர இணங்கியது. அதே நிறுவனத்தை 2018ல் ‘ஜெனரல் மில்ஸ்’ ஏறக்குறைய 8 பில்லியன் டாலருக்கு வாங்கியது. வாக்குறுதி உடைந்த பிறகும் பெயருக்கு இருந்த மதிப்பு குறையவில்லை.

விலை அதிகம் என்பதும் பாதுகாப்பு ஆகாது. 2007 மார்ச்சில் கனடாவின் ‘மெனு ஃபுட்ஸ்’ நிறுவனம் 60 மில்லியனுக்கும் அதிகமான உணவுப் பொட்டலங்களை மீட்டுக்கொண்டது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. புரத அளவு நைட்ரஜனைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நைட்ரஜன் நிறைந்த மெலமினைக் கலந்தால் சோதனையில் புரதம் அதிகம்போல் தெரியும். நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. மீட்டுக்கொள்ளப்பட்ட பட்டியலில் பேரங்காடிகளின் மலிவு வகைகளும் இருந்தன, விலையுயர்ந்த பெயர்களும் இருந்தன. வெவ்வேறு விலையில் விற்ற பல பெயர்களுக்குப் பின்னால் இருந்தது ஒரே தயாரிப்பாளர்.

நாம் ஏன் ஏமாறுகிறோம்?

ஒரு பானம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வாங்க மாட்டோம். நாய் உணவில் வாங்குபவர் ஒருவர், தின்பவர் மற்றவர். தின்பவருக்குப் பேசத் தெரியாது.

‘ஆனால் லட்டு விரும்பித்தானே தின்றான்’ என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். வறண்ட உணவின் மேல் நாய்களுக்குப் பிடித்த மணமும் சுவையும் கொண்ட பூச்சைத் தெளிப்பது தொழிலில் வழக்கம். தட்டு காலியாவது சுவைக்குச் சான்று, சத்துக்குச் சான்றல்ல. உருண்டைகளில் பச்சை, சிவப்பு நிறம் சேர்ப்பதும் நமக்காகவே. நாய்களால் அந்த இரண்டு நிறங்களையும் நம்மைப்போல் பிரித்துப் பார்க்க முடியாது.

என் வயதினரைக் கவர்வது சமூக ஊடகம். நாயைப் ‘பிள்ளை’ என்றும் நம்மைப் ‘பெற்றோர்’ என்றும் அழைக்கும் காணொளிகளில் மலிவான பையை வாங்குபவர் அக்கறையில்லாத பெற்றோர் ஆகிவிடுகிறார். அந்தக் குற்ற உணர்ச்சிக்குத்தான் நாங்கள் அன்று பணம் கொடுத்தோம்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் நாய்க்கு உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். வீவக வீட்டில் எந்த இனத்தை வளர்க்கலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. நாம் குடிக்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு நடப்பில் உள்ளது. ‘டி’ தரப் பானங்களை விளம்பரம் செய்யவும் முடியாது. நாயின் உணவுப் பையில் அப்படி ஒரு பார்வையில் புரியும் குறியீடு எதுவும் இல்லை. பொய்யான கூற்றுகளுக்கு எதிராகப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தக) சட்டம் இருக்கிறது. ஆனால் ‘சால்மன் சுவை’ பொய்யல்லவே. முன்பக்கத்தில் படம் போடப்படும் இறைச்சி எத்தனை விழுக்காடு என்பதை அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்ற ஒரு விதி இருந்தாலே போதும். எங்களைப் போன்ற பலர் தப்பிப்பார்கள்.

அதுவரை பையைத் திருப்பிப் பார்ப்பதே வழி. முதலில், ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற வாசகத்தைத் தேடுங்கள். அது எந்த வயது நாய்க்கு என்பதையும் பாருங்கள். ‘துணை உணவு’ என்றிருந்தால் அதை மட்டுமே கொடுத்து நாயை வளர்க்கக் கூடாது. ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, புரதத்தை ஒப்பிடும்போது ஈரப்பதத்தைக் கழித்துவிடுங்கள். வறண்ட உணவில் 24 விழுக்காடு புரதமும் 10 விழுக்காடு ஈரமும் இருந்தால், 24ஐ 90ஆல் வகுக்கும்போது கிடைப்பது ஏறக்குறைய 27 விழுக்காடு. டின் உணவில் 9 விழுக்காடு புரதமும் 78 விழுக்காடு ஈரமும் இருந்தால், 9ஐ 22ஆல் வகுக்க, ஏறக்குறைய 41 விழுக்காடு. முதல் பார்வையில் குறைவாகத் தெரிந்ததுதான் உண்மையில் அதிகம்.

மூன்றாவதாக, தயாரிப்பாளரிடம் கேளுங்கள். உணவை வடிவமைத்தது யார், அவர் விலங்கு ஊட்டச்சத்து படித்தவரா, எந்த ஆலையில் தயாராகிறது? உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கமும் இத்தகைய கேள்விகளையே கேட்கச் சொல்கிறது. பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் பனிமலைப் படத்தை நம்பத் தேவையில்லை.

எல்லாராலும் விலையுயர்ந்த உணவு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டியதில்லை. லட்டு இப்போது தின்பது, படமே இல்லாத ஒரு சாதாரணப் பையிலிருந்து வரும் உணவு. மருத்துவரோடு சேர்ந்து பட்டியலை வரிக்கு வரி படித்துத் தேர்ந்தெடுத்தோம். சால்மன் பையைவிடக் கிலோவுக்குச் சில வெள்ளி குறைவு. பாதத்துப் புண் ஆறிவிட்டது. இரவில் சொறியும் சத்தம் இல்லாமல் எல்லாரும் தூங்குகிறோம். அந்த ஆறு வாரங்கள் அவன் பட்ட வேதனைக்கு நாங்கள் படிக்காமல் விட்ட ஒரு சொல்தான் காரணம் என்பதை மட்டும் அப்பா இன்னும் மறக்கவில்லை. கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் இப்போது முதலில் அதைத் திருப்பிப் பார்க்கிறார்.